காலியிடம் இறங்கி வந்த ஞாயிறு

செம்பாறைக்காட்டுக் கம்பி ஆலையின் லைன் வீடுகளில் கடைசியாகக் காலியாகக் கிடந்த ஒரே ஓர் இடத்தில், அதாவது எல்லாவற்றுக்கும் மேலே மலையை ஒட்டி இருந்த வரிசையின் மூலை வீட்டில், கட்டிலுக்கு அடியில் செங்கோடன் தன் தகரப்பெட்டியைத் தள்ளி வைத்த சாயங்காலத்தில்தான், கிழக்கு வளைவு வழியாகச் சினிமாவுக்குக் கிளம்பிய நாலு பேர் மேற்கு வளைவு வழியாக லைனுக்குள்ளேயே வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பேச்சு சுவாரசியத்தில் திரும்பிவிட்டோம் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டார்கள், மறுபடி கிளம்பினார்கள், மறுபடி மேற்கே வந்தார்கள். அதற்குள் படம் ஆரம்பித்திருக்கும் என்பதால் டீ குடித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்கள்.

அந்த லைனைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. மலைச்சரிவில் வரிசைக்கு மேல் வரிசையாகக் கம்பெனி கட்டிய வீடுகள். ஒவ்வொன்றும் ஒரே அறை, ஒரே பச்சைக் கதவு, ஒரே ஜன்னல், வாசலில் ஒரே ஒரு வேப்பமரம், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே இடைவெளி. ஒரு வேம்பு கொஞ்சம் சாய்ந்து வளர்ந்தால்கூட மேஸ்திரி கயிறு கட்டி நிமிர்த்திவிடுவார். குடித்துவிட்டு வருகிறவன் எந்த வீட்டில் போய் விழுந்தாலும் அது அவன் வீடாகவே தெரியும், வம்பெல்லாம் விடிந்த பிறகுதான். அடிவாரத்தில் கிழக்கே ஒரு செங்கல் வளைவு, மேற்கே ஒரு செங்கல் வளைவு, இரண்டுக்கும் நடுவே ஒரு தெரு, தெருவில் ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு டீக்கடையும் ஆலையின் வாசலும். குழாய் கீழே இருந்ததால் முதலில் வந்தவர்கள் கீழே இடம் பிடித்தார்கள், அடுத்து வந்தவர்கள் அதற்கு மேலே, அதற்கடுத்தவர்கள் அதற்கும் மேலே, கடைசியில் வந்தவனுக்குக் கடைசி வரிசை. அந்தக் கடைசி வரிசைக்கு மேலே, ஆளோ ஆடோ நடுவில் நிற்க முடியாத வழுக்குப்பாறை ஒரு பட்டையாக மலையின் குறுக்கே கிடந்தது. பாறைக்கு அப்புறம், குடும்பத்தோடு இருக்கலாம் என்று சொல்லிக் கம்பெனி கட்டிய மேல்லைன் இருந்தது. கட்டி முடித்த கையோடு சாரத்தையும் மரப்படியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், கல்லில் படி வெட்டித் தருகிறோம் என்றார்கள், வெட்டவில்லை, வீடுகள் ஆளில்லாமல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பெனி கொடுத்தது ஒரு கட்டில், இரண்டு ஆள். பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போன சூடு ஆறுவதற்குள் இரவு ஷிப்டுக்காரன் வந்து படுப்பான். ஒரே ஷிப்டில் இருக்கிற இரண்டு பேரை ஒரு வீட்டில் போடமாட்டார்கள், மூன்றாவது ஆளுக்கு எந்த வீட்டிலும் இடமில்லை, பெண்டு பிள்ளைகளுக்கு மேல்லைன் திறக்கும்வரை பேச்சே இல்லை. செங்கோடனோடு அந்த மூலை வீட்டைப் பங்கு போட்டவர் உலையில் செம்பு உருக்குகிற மஸ்தான் பாய். இருவரும் விழித்திருக்கும்போது ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. செங்கோடனுக்கு அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தலையணையில் தங்கிப்போன அத்தர் வாசனையும், இவனுக்கென்று அவர் மூடி வைத்துவிட்டுப் போகிற பாதி வாழைப்பழமும்தான். அவருக்கு இவனைப் பற்றித் தெரிந்தது நிரப்பி வைத்த பானையும் மடித்து வைத்த போர்வையும். கூடப் பிறந்தவர்களிடம்கூட அவன் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதில்லை.

அவன் பெண்டாட்டி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து வருஷம் ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது பவளக்கொடி என்கிற ஏழு வயது மகள் ஒருத்தி. அவளை ஆடு மேய்க்கிற ஊரில் இருந்த அக்கா அத்தாயியிடம் விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வந்தான், மேல்லைன் திறந்ததும் கூட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பில். பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, முதல் ஞாயிற்றுக்கிழமையே பிள்ளையைப் பார்க்கலாம் என்று கிழக்கு வளைவுக்கு நடந்தான். வளைவை நெருங்க நெருங்கக் கால் கனத்தது, நடை தளர்ந்தது, சரியாக வளைவுக்குக் கீழே வந்ததும் தன்னால் நின்றுபோனது. அடுத்த அடியை எடுத்து வைத்தபோது அவன் மேற்கு வளைவுக்குள் இருந்தான், டீக்கடைக்காரர் என்ன செங்கோடா ஊரிலிருந்தா வருகிறாய் என்று விசாரித்தார்.

உள்ளே இருப்பவர்கள் வெளியே போனால் உள்ளேயே வந்தார்கள், வெளியே இருப்பவர்கள் உள்ளே வந்தால் வெளியேயே போனார்கள். அவ்வளவுதான் விஷயம். தாசில்தார் ஜீப்பில் வந்து மேற்கு வளைவில் நுழைந்தார், நுழைந்த வேகத்தில் கிழக்கு வளைவுக்கு வெளியே நெடுஞ்சாலையில் இருந்தார், பாதை நல்ல நிலைமையில் இருப்பதாக எழுதிவிட்டுப் போய்விட்டார். சாமான்களுக்கு மட்டும் தடையில்லை. ஆளில்லாமல் தள்ளிவிட்டால் அரிசி மூட்டை உள்ளே வந்தது, கம்பிச்சுருள் வெளியே போனது. கம்பெனிக்கு இதைவிட வேறென்ன வேண்டும், ஒருத்தனும் மட்டம் போடவில்லை, வருகைக்குப் பரிசு என்று ஆளுக்கு ஒரு சோப்புக்கட்டியை வளைவுக்கு வெளியே நின்று தள்ளிவிட்டார்கள்.

லைன்காரர்கள் ஒரு மாசம் திண்டாடினார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள். மேற்கு மூலையில் இருந்தவர்களுக்குக் கிழக்கே இருந்த குழாய் தூரம். இப்போது மேற்கு வளைவில் ஓர் அடி வைத்தால் கிழக்கு வளைவில் குழாய் பக்கம் வந்து நிற்கலாம் என்று குடத்தோடு அப்படியே போய் வந்தார்கள். மேஸ்திரியோடு சண்டை போட்டு, இந்த வேலையே வேண்டாம் என்று பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கிழக்கே வெளியேறிய ஒருவன் மேற்கே வந்து நின்றபோது, யாரும் சிரிக்காமல் வாங்க என்றார்கள், புதிதாகச் சேர்ந்த ஆளை உபசரிப்பதுபோல டீ வாங்கிக் கொடுத்தார்கள், அவனும் புது ஆளாகவே வேலைக்குப் போனான். மாசியில் மாரியம்மனைச் சப்பரத்தில் வைத்துக் கிழக்கே தூக்கிக்கொண்டு போனார்கள், மேற்கே வந்தார்கள். அந்த ஓர் அடியில் அம்மன் உலகம் முழுவதையும் சுற்றிவிட்டு வந்திருக்கிறாள் என்று பூசாரி சொன்னபோது, எதையும் எளிதில் நம்பாதவர்கள்கூடக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அம்மன் முகத்தில் நெடுந்தூரம் போய்வந்த களைப்பு இருந்தது என்று செங்கோடனே சொன்னான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பழகவே முடியவில்லை. ஞாயிறு பகல் ஷிப்டுக்காரர்களுக்கு விடுமுறை, இரவுக்காரர்கள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கிழக்கு வளைவுக்குக் கீழே தரையில் யாரோ சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் பெண்டாட்டி பிள்ளைகள், இந்தப் பக்கம் ஆண்கள், பேசலாம், பார்க்கலாம், பலகாரம் கை மாறலாம், கோட்டின் மேலே கையைப் பிடித்துக்கொள்ளலாம், அதற்குமேல் ஒன்றும் முடியாது. முதல் தடவை பவளக்கொடி அப்பா என்று பாய்ந்தாள், செங்கோடன் இரண்டு கையையும் விரித்தான், கை வெறுமையாகவே மூடிக்கொண்டது. பிள்ளை மேற்கு வளைவுக்கு வெளியே ஆளில்லாத ரோட்டில் நின்று அழுதாள். அத்தாயி லைனின் மதில் சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்த் தூக்கி வந்தாள். அன்றிலிருந்து கோட்டைத் தாண்டக் கூடாது கண்ணு, கையை மட்டும் நீட்டு என்று அவன் சொல்லிக் கொடுத்தான், அவளும் வந்ததும் கையை மட்டும் நீட்டினாள். எல்லா அப்பாக்களும் கையை வைத்தே பிள்ளையைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். நகம் வெட்டியிருக்கிறதா, உடம்பு சுடுகிறதா, அடி வாங்கினாளா, பள்ளிக்கூடத்தில் மை கொட்டினாளா, எல்லாம் அந்த உள்ளங்கையில் இருந்தது. வாரம் முழுக்கச் செங்கோடனுக்கு மகள் என்றால் ஒரு கைதான் ஞாபகம் வந்தது, முகம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு போனது, அதை நினைத்து அவன் பயந்தான்.

சித்திரை வெயில் ஏறியிருந்த ஒரு ஞாயிறு, அத்தாயி பலகாரத் தூக்கைக் கோட்டின் மேல் வைத்தாள். அப்புறம் சொன்னாள். அவள் புருஷனுக்குக் குடகில் காப்பித் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு போகிறார்கள், வருகிற ஞாயிறு சாயங்காலம் லாரி.

"பிள்ளைய யாருகிட்டத் தம்பி விட்டுட்டுப் போறது? எங்க கூடத்தான் வருவா. அங்கிருந்து இந்த வளைவுக்கு வந்துட்டுப் போறதுன்னா நடக்கிற காரியமா?"

செங்கோடன் கோட்டின் மேல் இருந்த மகள் கையை விடவில்லை. அடுத்த ஞாயிறு கூட்டிக்கொண்டு வா அக்கா என்று மட்டும் சொன்னான்.

அந்த வாரம் அவன் வளைவில் ஓடிப் பார்த்தான், பின்பக்கமாக நடந்து பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டு உருண்டு பார்த்தான். ஒவ்வொரு தடவையும் டீக்கடைக்காரர் மேற்கே அவனுக்காக ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்து வைத்திருந்தார். அப்படி அவன் கிழக்கு வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், ஆலையின் சோதனைக் கூடத்தில் கம்பிகளைப் பரிசோதிக்கிற திலோத்தமை அம்மா கோட்டுக்கு வெளியே வந்து நின்றார். அவர் டவுனில் குடியிருப்பவர், அதனால் வெளியே மாட்டிக்கொண்டவர். கம்பித் துண்டுகளை வாங்கிப் போக வளைவுக்குத்தான் வருவார். அவன் கதையைக் கேட்டுவிட்டு, கையில் இருந்த துண்டுக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார்.

"நீங்க இழுக்கிற கம்பிக்குள்ளயும் இதே மாதிரி ஒரு லைன் இருக்குங்க, செங்கோடன். உங்க வேப்பமரம் மாதிரி செம்பு அணுக்கள் ஒரே இடைவெளியில வரிசையா நிக்குது. அதுக்குள்ள எலக்ட்ரான்னு கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு குடியிருக்கு. ஒரு இடத்துக்கு ரெண்டே ரெண்டு, அதுவும் ஒண்ணு பகல்காரன்னா இன்னொண்ணு ராத்திரிக்காரன். கீழயிருந்து மேல நிரம்பிக்கிட்டே வரும். நடுவுல உங்க பாறை மாதிரி ஒரு பட்டை, அங்க ஒண்ணும் தங்க முடியாது. அதுக்கு மேல மறுபடி இடம் இருக்கு."

"வளைவுங்க?" என்று கேட்டான்.

"வளைவும் இருக்கு. வரிசை ஒரே சீரா இருந்தா, ஒரு எல்லையில வெளிய போனது எதிர் எல்லையில உள்ள வந்ததாத்தான் கணக்கு. அந்த எல்லைக்குள்ள இருக்கிறதுக்குப் பிரில்லுவான் மண்டலம்னு பேரு. செம்புல மேல் வரிசை பாதி காலி, அதனாலதான் கரண்ட் ஓடுது. முழுசா நிறைஞ்சுபோச்சுன்னா எல்லாரும் ஓடிக்கிட்டேதான் இருப்பாங்க, ஆனா யாரும் எங்கயும் போயிருக்க மாட்டாங்க."

அவர் அந்தத் துண்டுக் கம்பியைக் கோட்டைத் தாண்டி அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். செங்கோடன் அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். தலைமுடி கனம்கூட இல்லாத அந்தச் சிவப்பு நூலுக்குள், தன் லைனைப்போல எத்தனையோ கோடி லைன்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன, அங்கேயும் வளைவுகள் இருக்கின்றன, அங்கேயும் ஏறமுடியாத பாறை இருக்கிறது, அத்தனையையும் தெரியாமல் இத்தனை காலம் இயந்திரத்தில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. கோவிலில் சாமி பார்க்கும்போதுகூட அப்படி ஆனதில்லை. கம்பியைத் தரையில் வைக்க மனசு வராமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பாறையில் ஏறினால் தன் இடம் காலியாகும் என்பது அவனுக்குப் புரிந்தது. மேலே ஏறிப் போய்விட்டால் கீழே நிறைந்தது நிறைந்ததாக இருக்காது. ஆனால் அந்தக் காலியிடம் மலை உச்சியில், பாறையை ஒட்டி இருக்கும். பிள்ளையோ அடிவாரத்தில் வளைவுக்கு வெளியே நிற்பாள். வளைவில் முதல் அடி வைக்கிற இடத்திலேயே இடமில்லையென்றால் உச்சியில் இருக்கிற இடம் எதற்கு உதவும் என்று யோசித்து யோசித்து அவனுக்குத் தலை வலித்தது.

விடை குழாயடியில் கிடைத்தது. லைனில் தண்ணீர் வந்ததும் குடங்கள் தெரு நீளத்துக்கு வரிசையாக நிற்கும். முதல் குடம் நிரம்பி எடுத்ததும், இரண்டாவது ஆள் தன் குடத்தைக் காலாலேயே ஒரு தள்ளு முன்னால் தள்ளுவான், மூன்றாவது ஆள் அவன் குடத்தை ஒரு தள்ளு, நாலாவது ஆள் ஒரு தள்ளு, இப்படி வரிசை முழுக்க டங் டங் என்று சத்தம் போய்க்கொண்டே இருக்கும். அன்று செங்கோடன் கடைசியில் நின்றிருந்தான். முன்னால் குழாயடியில் காலியான ஓர் இடம், யாரும் ஒரு முழத்துக்கு மேல் அசையாமலே, குடம் குடமாகப் பின்னால் நகர்ந்து நகர்ந்து வந்து தன் காலடியில் நின்றதை அவன் பார்த்தான். தண்ணீர் பிடிக்காமலே குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசை நெடுக ஓடி ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னான்.

விஷயம் இதுதான். ஞாயிறு மத்தியானம் அவன் பாறையைத் தாண்டுவான். அவன் கீழ்வீட்டுப் பகல்காரன் தன் பாயையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவன் இடத்துக்கு ஏறவேண்டும், அதற்குக் கீழ்வீட்டுக்காரன் அந்த இடத்துக்கு, அதற்குக் கீழே இருப்பவன் இந்த இடத்துக்கு. ஆளுக்கு ஒரு வீடு ஏறினால் போதும், காலியிடம் தானாக வளைவுவரை இறங்கிவிடும். இன்று என் பிள்ளை, நாளைக்கு உன் பிள்ளை என்றான். பிள்ளையை வெளியே வைத்திருந்தவர்கள் சொன்னதுமே சரி என்றார்கள், பிள்ளை இல்லாதவர்கள் கொஞ்சம் முனகிவிட்டுச் சரி என்றார்கள். குழாய்க்கு ஒரு வீடு தள்ளிப் போகிறோமே என்ற வருத்தம் எல்லாருக்கும் இருந்தது, அதையும் சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதவர் ஒருவர்தான். கிழக்கு வளைவை ஒட்டிய முதல் வீட்டு மாரப்பன், லைனுக்கே முதலில் வந்தவர், அந்த வேப்பங்கன்றுகளைத் தன் கையால் நட்டவர். யாரும் வராதபோது வந்து பிடித்த இடத்தை எவனுக்காகவும் விடமாட்டேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கு ஒரு மகன் உண்டு, கொஞ்ச காலமாகக் கோட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் வற்புறுத்தவில்லை.

பாறையில் செங்கோடன் முன்பே ஏறிப் பார்த்திருந்தான். பாதியில் ஒரு நொடி தயங்கினாலும் கால் வழுக்கிப் புறப்பட்ட இடத்திலேயே கொண்டு வந்து விட்டுவிடும். முட்டி இரண்டும் தேய்ந்ததுதான் மிச்சம். சனிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது, வழக்கமாக வாழைப்பழம் இருக்கிற இடத்தில் மஸ்தான் பாய் உலைக்களத்தில் போடுகிற டயர் செருப்பு இருந்தது. துடைத்து, வார் புதிதாகத் தைத்து, கட்டிலுக்கு நேரே ஜோடியாக வைத்திருந்தார். அவர் உலைக்கு எதைப் போட்டுக்கொண்டு போனார் என்று தெரியவில்லை. செங்கோடன் அந்தச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான்.

ஞாயிறு உச்சிவெயிலில், பாய் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவன் பானையை நிரப்பி வைத்துவிட்டு, போர்வையை மடித்து வைத்துவிட்டு, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாறைக்குப் போனான். பாறை அடுப்புக்கல்போல் கொதித்துக்கொண்டிருந்தது. நிற்க நினைத்தாலும் நிற்க முடியாத சூடு. வேப்பமரத்தடியிலிருந்து ஓடிவந்து ஏறினான், வெயிலில் இளகிய டயர் பாறையைக் கவ்வியது, பாதி தூரத்தில் மூச்சு முட்டியது, அங்கே நிற்க இடமில்லை என்று அவனுக்குத் தெரியும், மகளின் கையை மட்டும் நினைத்துக்கொண்டு ஓடினான், அடுத்து அவனுக்குத் தெரிந்தபோது மேல்லைன் புல்லில் குப்புறக் கிடந்தான்.

எழுந்து திரும்பிப் பார்த்தான். அவ்வளவு உயரத்திலிருந்து லைனை அவன் பார்த்ததே இல்லை. பச்சைக் கதவுகள், வேம்புகள், கதவுகள், வேம்புகள், ஒரே இடைவெளியில், ஒரே உயரத்தில், இந்த வளைவிலிருந்து அந்த வளைவுவரை. அவன் மூலை வீட்டுக்குக் கீழ்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு பகல்காரன் பாயும் பெட்டியுமாக வெளியே வந்து ஒரு வீடு ஏறினான். அதற்குக் கீழே ஒரு கதவு திறந்தது, அங்கிருந்து ஒருவன் ஒரு வீடு ஏறினான். அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது, வரிசை திரும்பிக் கீழ்வரிசைக்கு வந்தது, அங்கும் ஒருவன் பின் ஒருவனாகப் பெட்டியைத் தூக்கினார்கள். யாரும் பேசவில்லை, தூங்குகிற இரவுக்காரர்களை எழுப்பக் கூடாது என்று பேசிவைத்திருந்தார்கள். ஆட்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள், ஆனால் செங்கோடன் கண்ணுக்குத் தெரிந்தது ஆட்கள் அல்ல. தான் விட்டுவந்த காலியிடம், தன் அளவே ஆன ஓர் இல்லாமை, கதவு கதவாக, வேம்பு வேம்பாக, யார் மேலும் இடிக்காமல் மலையிலிருந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. சட்டைப்பையில் இருந்த கம்பித்துண்டை அவன் கை தன்னால் தொட்டது. இதற்குள்ளும் இப்படித்தான் என்று நினைத்தான், ஒவ்வொரு விளக்கு எரியும்போதும் இப்படித்தான், நமக்குத்தான் தெரியவில்லை. அவனுக்குக் கை குவிந்தது, யாரைக் கும்பிடுகிறோம் என்று தெரியாமலே கும்பிட்டான்.

கடைசி வீட்டுக்கு முன்னால் அது நின்றுவிட்டது. மாரப்பனுக்கு அடுத்த வீடு காலியாகிக் கதவு திறந்து கிடந்தது, மாரப்பன் தன் வாசலில் உட்கார்ந்திருந்தார், எழவில்லை. வெயில் சாய்ந்தது. கோட்டுக்கு அப்பால் அத்தாயி மூட்டை முடிச்சுகளோடு நிற்பதும், அவளுக்குப் பின்னால் லாரி வந்து நிற்பதும் தெரிந்தது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். செங்கோடன் மேலேயிருந்து கத்தினான், குரல் பாதி தூரம்கூடப் போகவில்லை.

அங்கே நடந்ததை அவனுக்குப் பிறகு சொன்னார்கள். பவளக்கொடி அப்பாவைக் காணாமல் கோட்டோரம் நின்றிருந்தாள், கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார், பழக்கதோஷத்தில் அவரிடம் கையை நீட்டிவிட்டாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று மாரப்பனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து பிடித்தார், மற்ற அப்பாக்கள் பிடிப்பதுபோலவே திருப்பி, விரல் விரலாகப் பார்த்தார்.

"நகம் வெட்டவே இல்லியா கண்ணு?" என்றார். வீட்டுக்குள் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு, தான் நட்ட வேம்பை ஒரு தடவை தொட்டுவிட்டு, ஒரு வீடு ஏறிப் போனார்.

மேலே செங்கோடன் பார்த்ததெல்லாம், வளைவுக்குள் ஒரு சின்ன உருவம் ஓர் அடி எடுத்து வைத்ததுதான். வைத்ததுமே பழக்கத்தில் அவன் கண் மேற்கு வளைவுக்கு ஓடியது. அங்கே யாருமில்லை. ரோடு வெறுமையாகக் கிடந்தது. பயந்துபோய்த் திரும்பிக் கிழக்கே பார்த்தான். அவள் அங்கேயே இருந்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம், வளைவு வீட்டு வாசலில், வேம்பின் நிழலில், அசையாமல் நின்றிருந்தாள். லைன் முழுக்க அத்தனை வாசல்களிலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். தலைப்பாகை கட்டியிருந்தவர்கள் அவிழ்த்தார்கள்.

அவள் நடந்து வந்தாள். எல்லா வீடும் ஒன்றுபோல் இருந்ததால் ஒவ்வொரு வாசலிலும் நின்று எங்கப்பா எங்கே என்று கேட்டாள், ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் மேலே கையைக் காட்டினார். அவள் விட்டு வந்த வளைவு வீட்டில் அந்த இடம் மறுபடி காலியானது. அதில் அதற்குப் பிறகு ஆள் போடக் கம்பெனியையும் விடவில்லை, சாயங்காலமானால் அங்கே ஒரு விளக்கு மட்டும் ஏற்றி வைத்தார்கள், அந்த ஓர் இடம் காலியாக இருந்ததால் வளைவு வெறும் வளைவாகிப்போனது, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆனால் அதெல்லாம் பிறகு. அப்போது செங்கோடனுக்குத் தெரிந்தது பாறைக்குக் கீழே வந்து நின்ற அவள் ஒருத்திதான். மூலை வீட்டு வாசலில், இரவு ஷிப்டுக்கான ஆலைச் சங்குச் சத்தம் கேட்டு எழுந்துவந்த ஒரு நரைத்த தாடிக்காரர் வெறுங்காலோடு நின்று அவளையும் மேலே இருந்த அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அது யார் என்று சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

"பாதியில நிக்காத கண்ணு," என்று செங்கோடன் கத்தினான். "நிக்காம ஓடி வா."

ஆட்டுக்குட்டிகளோடு மலையேறி வளர்ந்த பிள்ளை. அந்தப் பாறையில் ஏறவே முடியாது என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பாவாடையை ஒரு கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடினாள், சூடு ஆறாத பாறையில் அவள் கால் பட்ட இடமெல்லாம் படாத மாதிரியே இருந்தது, மூச்சிரைக்க மேலே வந்து அவன் முன்னால் நின்றாள்.

செங்கோடன் கையை நீட்டினான். அவள் கையை நீட்டினாள். இருவரும் ஓர் எட்டு தள்ளியே நின்றுகொண்டு, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் செய்ததுபோலக் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அவன் குனிந்து நகத்தைப் பார்த்தான், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான், சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தான். அதற்குமேல் என்ன செய்வதென்று அவனுக்கு மறந்துபோயிருந்தது. பவளக்கொடி காலடியில் இருந்த புல்லைப் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், அப்புறம் முகத்தை நிமிர்த்தினாள்.

"அப்பா," என்றாள், "இங்க கோடு இல்லப்பா."